ஜப்பான் காருக்கு அடியில் என் பேர்

தண்ணீர் வண்டியில் தொடங்குகிறேன். கோடையில் திருச்சுழிப் பக்கம் போய்ப் பாருங்கள். குடங்கள் வரிசை கட்டி நிற்கிற எந்தத் தெருவிலும் டிராக்டருக்குப் பின்னால் ஒரு டேங்கர் நிற்கும். அது ஒழுகாமல் நின்றால் என் பட்டறையில் செய்தது. ஒழுகினால் எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்து, பாளையம்பட்டியில் ஒரு தறி ஷெட். ஆடிக் காற்றில் கூரைத் தகரமெல்லாம் பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. நான் போட்ட இரும்புத் தூலம் அசையவில்லை. அடுத்து, ஒரு பள்ளிக்கூடத்துக் கேட். அதில் லாரி மோதியது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனது லாரி. அடுத்து, திருச்சுழி ரோட்டிலிருந்து மஞ்சங்குளத்துக்குப் பிரிகிற விலக்கில் இருக்கிற வேகத்தடை. ஜல்லி லாரிகள் பறக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் அடிபடுகின்றன என்று அந்த ஊர்க்காரர்கள் எங்கெங்கோ மனுக் கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் என்னிடம் வந்தார்கள். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைகளை உள்ளே படுக்க வைத்து, மேலே கான்கிரீட் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த ரோட்டைத் தோண்டிப் புதிதாகவே போட்டுவிட்டார்கள். என் வேகத்தடையை மட்டும் உடைக்க முடியாமல் அதைச் சுற்றித் தார் ஊற்றினார்கள்.

இவ்வளவும் செய்தவன் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பேனாவைக் கொடுத்தால் என் எழுத்து மேற்கே போகும், கோடு கிழக்கே போகும். (இந்தக் கட்டுரையே செல்போனில் பேசிப் பேசி எழுதியதுதான்.) ஆனால் வெல்டிங் ராடைக் கையில் கொடுங்கள், முத்து முத்தாக எழுதுவேன். அதனால் நான் செய்த எல்லாவற்றிலும் 'மாரிச்சாமி பட்டறை' என்று வெல்டிங்கிலேயே எழுதிவிடுவது வழக்கம். கான்கிரீட் என்றால் ஈரம் காய்வதற்குள் கம்பியால் எழுதுவேன். வேலை செய்தவன் பேர் வேலையில் இருக்க வேண்டும். இதில் என்ன தப்பு? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பக் கேட்பேன்.

இத்தனை சாதித்தும் என் வீட்டில் என் பேச்சை எடுத்தால் ஒரே ஒரு கதையைத்தான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் சொல்கிறார்கள், காதுகுத்தில் சொல்கிறார்கள், ஒருமுறை துக்க வீட்டில்கூடச் சொன்னார்கள். (அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.) அதை அவர்கள் சொல்கிற விதம் சரியில்லை. ஆகையால் நானே சொல்கிறேன்.

என் மகள் அபிராமிக்கு சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னதும் ஊருக்கு வந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு எடுப்போம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் வாசலில் லாரி வந்து நின்றது. லாரியின் மேல் ஒரு கார். கொடைக்கானலில் ஏதோ பங்களாக் கொட்டகையில் விறகுக்கு அடியில் கிடந்ததாம். ஜப்பான்காரன் ஓட்டப்பந்தயத்துக்கென்று செய்த பழைய கார், இரண்டே பேர் உட்காரலாம், ஆமை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. நிறம் சிவப்பு என்று அபி சொன்னாள். எனக்குத் துருதான் தெரிந்தது.

என் மனைவி சரசு வாசலில் ஆரத்தித் தட்டும் இல்லாமல் துடைப்பமும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நகை எடுடீன்னு சொல்லி விட்டா, துரு எடுத்துட்டு வந்திருக்கா. இத எந்த மாப்பிள்ளைக்குப் போட்டு அனுப்புறது?"

"அம்மா, இது எனக்கு" என்றாள் அபி.

பட்டறையின் ஒரு மூலையை அவள் எடுத்துக்கொண்டாள். காலையில் கம்ப்யூட்டர், சாயங்காலம் கார். யூடியூப்பைப் பார்த்தும் ஜப்பானில் யாரிடமோ கேட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். துருப்பிடித்த இடங்களை வெட்டி எடுத்து, சின்ன வெல்டிங் மிஷினில் கோழி கொத்துகிற மாதிரி பொட்டுப் பொட்டாக வைத்து, புதுத் தகட்டை ஒட்டினாள். கதவுக்கு ரப்பர் வேண்டுமென்று ஜப்பானிலிருந்து பார்சல் வந்தது. (டிராக்டர் டியூபை வெட்டிக் கொடுத்திருப்பேன். கேட்டால்தானே!)

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சோறு ஆறுகிற வரைக்கும் உட்காரமாட்டேன். இலையைப் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய் ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு வருவேன். அப்படிப்பட்டவன் பட்டறையில், அவன் கண்ணெதிரே, அவன் தொடக்கூடாத ஒரு வண்டி. நிற்பேன், நடப்பேன், சுற்றி வருவேன். ஸ்பேனரை எடுப்பேன், வைப்பேன். ஒருமுறை அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு நட்டை நன்றாக இறுக்கிவிடலாமென்று இறுக்கினேன். அது என் கையோடு வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அபி சாக்பீஸ் எடுத்து, காரைச் சுற்றித் தரையில் கோடு போட்டாள்.

"அப்பா, இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது."

"ஏம் பட்டறைல எனக்கே எல்லையாத்தா?"

"ஆமா. அந்தப் பக்கம் உங்க ராஜ்யம். இந்தப் பக்கம் என் ராஜ்யம்."

சரசு சிரித்த சிரிப்பு பாளையம்பட்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்படியே ஓடி, கார் ஒருவழியாகக் கார் ஆனது. எஞ்சின் பேசியது. மூடிக்குள் தூங்குகிற முன்விளக்குகள் சுவிட்சைத் தட்டினால் தவளை முழிக்கிற மாதிரி மேலே எழும். அதை மட்டும் நானே பலமுறை தட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தச் சமயத்தில்தான் அபி இன்டர்நெட்டில் போட்ட படங்களைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அவரிடம் இதே மாதிரிப் பழைய கார்கள் கொட்டகை நிறையக் கிடக்கின்றனவாம். அபியின் காரைப் பார்த்து, உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் அத்தனையையும் சரிசெய்ய அவளிடமே கொடுக்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வருவதாகப் பேச்சு.

அபி யோசிக்கவே இல்லை. கம்பெனிக்கு வேலையை விடுகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டாள். கம்ப்யூட்டரை ஒப்படைக்கச் சென்னைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"அப்பா, அவரு வேணாம்னு போயிட்டா எனக்கு அங்கயும் வேல இல்ல, இங்கயும் வேல இல்ல. வண்டியத் தொடாதீங்க. வெள்ளிக்கிழம காலைல வந்துர்றேன்."

"போயிட்டு வாத்தா. நா ஏன் தொடுறேன்?"

சொன்னபோது அப்படித்தான் நினைத்தேன்.

அவள் போன மறுநாள், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குனிந்து, திறந்திருந்த கதவு வழியாகக் கையை நீட்டி, காரின் தரைத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எண்ணெய் டின் மாதிரி 'டொப்' என்று உள்ளே போய் 'டொப்' என்று வெளியே வந்தது. தகடா இது, அப்பளமா? என் மகள் இதன் மேல் உட்கார்ந்து, இந்த ரோட்டில், ஜல்லி லாரிகளுக்கு நடுவில் போகப்போகிறாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கீழே ஒரு கல் கிளம்பினால் என்ன ஆகும்? என் கண்ணுக்கு அந்தக் கல் தெரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறையில் என்னோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிறவன் முத்திருளன். அவனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, இது மேல எம் பொண்ணு உக்காந்து போகணுமா?"

"மொதலாளி, பாப்பா கோடு போட்டிருக்கு."

"தெரியும்லே. நா கோட்டத் தாண்டல. நீயும் தாண்ட வேணாம். கயித்தப் போட்டுக் கார இங்கிட்டு இழு."

முத்திருளன் என்னைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், கயிற்றை எடுத்தான். ஆக, நான் கோட்டைத் தாண்டவில்லை. கார்தான் தாண்டியது. இதை எந்தப் பஞ்சாயத்திலும் சொல்வேன்.

செயின் போட்டுக் காரைத் தூக்கினோம். டேங்கருக்கு அடியில் போடுகிற கனத்த பிளேட்டை அளவுக்கு வெட்டி, காரின் வயிற்றுக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வைத்து, பெரிய மிஷினில் வெல்டிங் அடித்தேன். அவள் போட்ட தகட்டில் அங்கங்கே ஓட்டை விழுந்தது. விழுந்தால் என்ன, அடியில்தான் பிளேட் இருக்கிறதே! மேலே கால்மிதியை விரித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கீழே துருப்பிடிக்காமல் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடித்தோம். அடிப்பதற்கு முன்னால், பழக்க தோஷம், ராடை எடுத்துப் பேரை எழுதினேன். நல்ல பெரிய எழுத்தில், புடைப்பாக, கையால் தடவினால் கண் தெரியாதவரும் படிக்கலாம்.

இறக்கி வைத்ததும் கார் கொஞ்சம் கீழே உட்கார்ந்தது.

"மொதலாளி, அமுங்கிப்போச்சே."

"அமுங்கலடா. இப்பத்தான் வண்டி கம்பீரமா உக்காந்திருக்கு."

கட்டைவிரலால் மறுபடி அழுத்தினேன். 'டொப்' இல்லை. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அபி பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்கு முன்பே கோயம்புத்தூர்ப் பெரியவர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. சரசு அதற்குள் காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, விளக்கு மூடிகளின் குறுக்கே மல்லிகைச் சரத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்துக் கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டாள்.

அபி பையோடு ஓடிவந்தாள். வந்ததும் அவள் பார்வை நேராகச் சக்கரத்துக்குப் போனது.

"அப்பா, வண்டி ஏன் எறங்கியிருக்கு?"

"காத்து கம்மியா இருக்கும்த்தா."

"நாலு டயர்லயுமா?"

பதில் சொல்வதற்குள் பெரியவர், "அம்மிணி, கண்ணத் தெறந்து காட்டு பாக்கலாம்" என்றார். அபி உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினாள். விளக்குகள் எழுந்தன, மல்லிகைச் சரமும் எழுந்தது. ஒரு விளக்கு சரத்தை அறுத்துக்கொண்டு முழுசாகத் திறந்தது. இன்னொன்று நாரைச் சுற்றிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. பூவோடு ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணைச் சொக்கிக்கொண்டு, விடிய விடியச் சீட்டாடிவிட்டுப் பந்திக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றது கார்.

"பரவாயில்லீங், ஓட்டிப் பாக்கலாம்" என்று பெரியவர் அபிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் போனது.

வீட்டில் நிற்க என்னால் முடியுமா? மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஊரைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் கார் சும்மா கும்மென்று போனது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் சிவப்பாக என் மகளின் கார். அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு இருந்த பெருமையை அளக்க எந்த டேங்கரும் போதாது.

அப்போதுதான் மஞ்சங்குளம் விலக்கு வந்தது.

அபி கெட்டிக்காரி, மெதுவாகத்தான் ஏற்றினாள். முன் சக்கரங்கள் வேகத்தடையைத் தாண்டின. பிறகு ஒரு சத்தம். இரும்புக் கதவைத் தரையோடு தேய்த்து மூடுகிற சத்தம். கார் நின்றது. முன்னால் போகவில்லை, பின்னால் வரவில்லை. வேகத்தடை மேல் வயிறு படிய, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடியது, சீசாப் பலகை மாதிரி. பின் சக்கரம் சுற்றிப் புழுதியைக் கிளப்பியது, அவ்வளவுதான்.

பின்னால் டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. எதிரே தண்ணீர் டேங்கரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர். கண்டக்டர் இறங்கினார், பிறகு பஸ்ஸே இறங்கியது.

"என்னக்கா, காரு நம்மளப் பாத்துக் கண்ணடிக்குது?" என்றான் ஒருத்தன்.

"ஏலே, கண்ணடிக்கல, மயக்கம் போட்டிருச்சு."

பெரியவர் வெளியே வந்தார். "ஒண்ணும் கவலப்பட வேண்டாமுங்க. இந்த வண்டி ரொம்ப லேசு. நாலு பேர் புடிச்சாப் பூ மாதிரித் தூக்கிறலாம்."

நாலு பேர் பிடித்தார்கள். பூ அசையவில்லை. இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவரும் வந்து பிடித்தார்.

"யோவ், இது காரா, தண்ணி டேங்கரா? உள்ள என்ன லோடுய்யா வச்சிருக்கீக?"

எனக்கு மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வேறெங்காவது, காரியாபட்டி, மதுரை, அதற்கு மேலேயும் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நின்றேன்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. அந்தச் சுருக்கமில்லாத சட்டையோடு ரோட்டில் மல்லாக்கப் படுத்து, செல்போன் லைட்டைப் போட்டுக் காருக்கு அடியில் தலையை விட்டார். அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, இங்க என்னமோ எழுதியிருக்குதுங்க. மா... ரிச்... சாமி... பட்டறை."

லைட் கொஞ்சம் நகர்ந்தது.

"அந்த எழுத்துத்தான் சிமெண்ட்டுல கடிச்சுட்டு நிக்குதுங்க." மறுபடி லைட் நகர்ந்தது. "இதென்னங்க, இந்த வேகத்தடையிலயும் அதே பேரு இருக்குது?"

டிராக்டர்க்காரன் இருந்த இடத்திலிருந்தே கத்தினான்: "அண்ணே, நம்ம டேங்கர் பின்னாலயும் அதே பேர்தான்ணே!"

பஸ்ஸில் வந்த ஊர் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. மேலே என் பேர், கீழே என் பேர், எதிரே என் பேர். இப்படி ஒரு விளம்பரம் மந்திரிக்குக்கூடக் கிடைக்காது.

அபி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கோட்டத் தாண்டாதீங்கன்னு சொன்னேனேப்பா?"

"நாந் தாண்டலயேத்தா. வண்டியத்தான்..."

முடிக்கவில்லை. அந்தப் பேச்சு பட்டறையில் நன்றாகத்தான் இருந்தது, ரோட்டில் நன்றாக இல்லை.

டிராக்டர்க்காரன் சங்கிலி போட்டு இழுக்கிறேன் என்றான். அபி வேண்டாம் என்று கையைக் காட்டினாள், இழுத்தால் கிழிந்துவிடும். பஸ் டிரைவரிடம் ஜாக்கி கேட்டாள், டிராக்டரில் ஒரு ஜாக்கி இருந்தது, விலக்கில் கட்டிக்கொண்டிருந்த கடையிலிருந்து சாரப் பலகைகள் வந்தன. ரோட்டில் படுத்து, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி, பலகை கொடுத்து, மறுபக்கம் போய்க் கொஞ்சம் தூக்கி, மறுபடி இந்தப் பக்கம் வந்து, அவசரமே படாமல் என் எழுத்தை என் கான்கிரீட்டிலிருந்து பிரித்தாள். இறங்கி நின்ற ஆட்கள் அவள் சொன்ன இடத்தில் பிடித்தார்கள், விடு என்றால் விட்டார்கள். நானும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைக்கூடக் கோணலாகப் பிடித்திருக்கிறேன் என்றாள்.

கார் கீழே இறங்கியதும் பஸ் கை தட்டியது. அபி பெரியவர் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் கிரீஸ்.

"ஐயா, அந்தப் பிளேட்டு எங்க அப்பா போட்டது. கீழருந்து கல்லு வந்து எம்மேல அடிச்சிரும்னு பயந்திருப்பாரு. மத்ததெல்லாம் நா செஞ்சது. நீங்க இதுக்கு மேல பாக்க வேணாம்னா எனக்குப் புரியும்."

நான் அவளிடம் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சரசுவிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்று வரைக்கும் கேட்கவில்லை. அன்றைக்குப் புழுதி நிறையப் பறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெரியவர் முதுகெல்லாம் தார்க் கறையோடு யோசித்தார்.

"பளபளன்னு வண்டி காட்டுறதுக்கு ஊர்ல நெறையப் பேர் இருக்காங்க, அம்மிணி. இந்தப் பிளேட்ட எடுத்துட்டு, அடியில கைவெச்ச தடமே தெரியாம நீ செஞ்சு காட்டு. அப்புறம் பேசலாம்."

எனக்குப் பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கோட்டுக்கு வெளியே. இந்தத் தடவை கோடு பெயின்ட்டில். நான் வெல்டிங் அடித்த ஒவ்வொரு இடத்தையும் அபி குடைந்து எடுத்ததை, எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். (என் வெல்டிங்கை எடுப்பது லேசா? அவளே ஒருநாள், "சனியன், என்னமா புடிச்சிருக்கு" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.) ஓட்டை விழுந்த தகட்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். பெரியவர் மறுபடி வந்தார், இந்த முறை பழைய சட்டையில். அடியில் படுத்து ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்து அபிக்குக் கை கொடுத்தார். அடுத்த மாதமே லாரியில் முதல் கார் வந்துவிட்டது.

இப்போது பட்டறையில் பாதிக்கு மேல் அவள் ராஜ்யம். என் டேங்கர்கள் வெயிலில் நிற்கின்றன. வீட்டில் எது சிக்கினாலும், ஊறுகாய் ஜாடி மூடி திறக்காவிட்டாலும், பீரோக் கதவு மாட்டிக்கொண்டாலும், சரசு உள்ளேயிருந்து கத்துவாள்: "அடியில ஒங்க அப்பா பேரு இருக்கான்னு பாருடீ!" அவ்வளவுதான், வீடே சிரிக்கும். போன வாரம் லிஃப்ட் நடுவில் நின்றுபோய், அதற்குள்ளிருந்த என் தம்பி மகன் எனக்கு போன் செய்து இதையே கேட்டான்.

சிரிக்கட்டும். ஆனால் கணக்கு நேராக இருக்க வேண்டும். அபியின் காரைப் பற்றிக் கேட்டு ஆட்கள் கேமராவோடு வருகிறார்கள். "ஒவ்வொரு போல்ட்டும் நானே போட்டது" என்கிறாள். அது சரிதான். ஆனால் நான் கேட்கிறேன்: அந்தப் பிளேட் இல்லாவிட்டால் பெரியவர் என்ன பார்த்திருப்பார்? பெயின்ட்டைப் பார்த்திருப்பார், சீட்டைப் பார்த்திருப்பார், காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார். அவள் கை எப்படிப்பட்ட கை என்று அவருக்குக் காட்டியது எது? வேகத்தடை யாருடையது, பிளேட் யாருடையது, கடித்துப் பிடித்துக்கொண்டது யார் பேர்? சொல்லுங்கள்.

அந்தப் பிளேட் வீணாகப் போகவில்லை. பட்டறை வாசலில் சாக்கடைக்கு மேல் பாலமாகப் போட்டிருக்கிறாள். உள்ளே வருகிற ஒவ்வொரு காரும் அதன் மேல்தான் ஏறி வரவேண்டும். ஆனால் பேர் எழுதிய பக்கத்தைக் கீழே வைத்துப் போட்டிருக்கிறாள். கேட்டால், எழுத்துப் புடைப்பாக இருக்கிறதாம், தாழ்வான வண்டிகள் மாட்டிக்கொள்ளுமாம். என் பேரை இப்போது சாக்கடைத் தண்ணீர்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

வேலை செய்தவன் பேர் வேலையில் இருக்க வேண்டும். இதில் என்ன தப்பு?

அபி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். செல்போன் தப்பாக எழுதியதைத் திருத்தப்போவதும் நீதான். திருத்திவிட்டு வாசலுக்குப் போ, முத்திருளனைக் கூப்பிட்டுக்கொள், கனமாக இருக்கும். அந்தப் பிளேட்டைத் திருப்பிப் போடு.